சிறு தொழில் தொடங்கும் முன் தகவல் திரட்டுவது எப்படி: எங்கே போவது, என்ன கேட்பது, எவ்வளவு செலவாகும்

கரூர் பக்கம் ஒரு சின்ன அட்டைப்பெட்டி யூனிட் நடத்துகிறேன். ஐந்து பேர் வேலை செய்கிறோம். ஜவுளி ஏற்றுமதி செய்கிறவர்களுக்கும் கொசுவலை போடுகிறவர்களுக்கும் பெட்டி போகிறது. இதைத் தொடங்க எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. மெஷின் வந்து இறங்கி, மாட்டி, முதல் பெட்டி அடிக்க இருபது நாள்கூட ஆகவில்லை. மீதிக் காலத்தில் பாதிக்கு மேல் எந்தத் தகவல் யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் அலைந்ததில்தான் போனது. அதற்கு முன்பு ஒரு மெஷின் விற்கிறவரிடம் 50,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்து ஏமாந்ததும் உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

நமக்குத் தேவையான தகவல் பெரும்பாலும் இலவசமாக இருக்கிறது, அதுவும் அரசாங்கமே சம்பளம் கொடுத்து ஆள் உட்கார வைத்து வைத்திருக்கிறது. ஆனால் ஒரே இடத்தில் இல்லை. பத்து இடத்தில் சிதறிக் கிடக்கிறது, எந்த வரிசையில் போவது என்று யாரும் சொல்வதில்லை, வரிசை மாறினால் மானியத் தகுதியே போய்விடுகிற இடமும் இருக்கிறது. அதனால் நான் அலைந்து தெரிந்துகொண்ட வரிசையை இங்கே எழுதுகிறேன். உதாரணங்கள் அட்டைப்பெட்டித் தொழிலில் இருந்து வரும், உங்கள் தொழிலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். தொகைகளும் விதிகளும் அவ்வப்போது மாறும், விண்ணப்பிக்கிற அன்று உள்ளதை ஒருமுறை கேட்டுவிட்டுப் போங்கள்.

1. மெஷின் பார்க்கப் போகும் முன் ஒரு நோட்டு போடுங்கள்

எல்லோரும் செய்கிற முதல் தவறு, தொழில் என்றவுடன் மெஷின் பார்க்கக் கிளம்புவது. நானும் அப்படித்தான் போனேன். பேப்பர் கப் மெஷின். விற்கிறவர் காபி கொடுத்து உட்கார வைத்து, மெஷினை ஓட்டிக் காட்டி, நீங்கள் செய்கிற கப்பை எல்லாம் நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று ஒரு ஒப்பந்தத்தையும் நீட்டினார். அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தேன். பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது என்பது எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும். மாவட்டத் தொழில் மையத்தில் ஒரு அலுவலர் போகிற போக்கில் சொன்னார். அட்வான்ஸ் திரும்பி வரவில்லை.

அதனால் ஒரு நோட்டு வாங்கி, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இந்தப் பொருளுக்குத் தடை, கட்டாயத் தரச்சான்று ஏதாவது இருக்கிறதா. மூலப்பொருள் எங்கிருந்து வரும், கடனா ரொக்கமா. யார் வாங்குவார்கள், எத்தனை நாளில் பணம் தருவார்கள். எவ்வளவு கரண்ட், எவ்வளவு இடம். என்ன அனுமதி. எந்த மானியம் எனக்குப் பொருந்தும். கழிவு எவ்வளவு போகும். ஒரு பதில் கிடைத்தால் யார் சொன்னார், எந்தத் தேதி என்று பக்கத்தில் எழுதுங்கள். மூன்று பக்கமாவது காலியாக இருக்கும்வரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்கிற ஒப்பந்தம் பற்றி இன்னும் ஒன்று. அதில் "தரம் சரியாக இருந்தால்" என்று ஒரு வரி இருக்கும். அந்தத் தரத்தை முடிவு செய்வது அவர்களே. இப்படி ஒப்பந்தம் காட்டி விற்கிறவர்களிடம் ஏற்கெனவே மெஷின் வாங்கிய மூன்று பேரின் முகவரி கேளுங்கள், நேரில் போய்ப் பாருங்கள். முகவரி தரத் தயங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

2. மாதிரித் திட்ட அறிக்கையை எடுத்துப் படியுங்கள்

செலவு: அச்சுப் போடுகிற காசு மட்டும். நாள்: ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

நீங்கள் யோசிக்கிற தொழிலுக்கு ஏற்கெனவே யாராவது கணக்குப் போட்டு வைத்திருக்க வாய்ப்பு அதிகம். மத்தியக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் (எம்எஸ்எம்இ) அமைச்சகத்தின் கீழ் இருக்கும் வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தின் இணையதளத்திலும், காதி கிராமத் தொழில் ஆணையத்தின் இணையதளத்திலும் நூற்றுக்கணக்கான மாதிரி அறிக்கைகள் இலவசமாக இருக்கின்றன. சென்னை கிண்டியில் ஜிஎஸ்டி சாலையில் எம்எஸ்எம்இ வளர்ச்சி அலுவலகம் இருக்கிறது, பழைய ஆட்கள் இன்னும் "சிசி ஆபீஸ்" என்பார்கள். கோவையிலும் தூத்துக்குடியிலும் அதற்குக் கிளை உண்டு. அங்கே தொழில்வாரியாக அலுவலர்கள் இருக்கிறார்கள், மெக்கானிக்கல், கெமிக்கல், உணவு என்று. ஹைதராபாத்தில் இருக்கும் தேசியக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனத்தில் சிறுதொழிலுக்கென்றே ஆவண மையம் ஒன்று 1971-லிருந்து இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, ஆனால் அபூர்வமான தொழில் என்றால் நினைவில் வையுங்கள்.

அறிக்கையை எப்படிப் படிப்பது என்பதுதான் முக்கியம். விலைகளை நம்பாதீர்கள், பெரும்பாலும் பழையவை. அதன் வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: என்னென்ன மெஷின், எத்தனை ஆள், எவ்வளவு மூலப்பொருளுக்கு எவ்வளவு பொருள். பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் உங்கள் ஊர் எண்ணை எழுதுங்கள். எனக்குக் கிடைத்த அறிக்கையில் வருடத்துக்கு 300 வேலை நாள், கழிவு 3 சதவீதம் என்று இருந்தது. நிஜத்தில் ஐப்பசி, கார்த்திகையில் பசை போட்ட ஷீட் காயாது. ஈரம் இழுத்த அட்டையில் பெட்டி அடித்தால் அடுக்கி வைத்த இடத்திலேயே அமுங்கிவிடும், அதை வாங்குகிறவர் திருப்பி அனுப்புவார். முதல் வருடம் எனக்குக் கழிவு 8 சதவீதத்துக்கு மேல் போனது. பக்கத்து ஊரில் பெட்டி போடுகிற ஒருவரிடம் அரை நாள் உட்கார்ந்திருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும்.

வரியையும் நீங்களே சரிபாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அட்டைப்பெட்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், ஆனால் அதற்கு வாங்குகிற கிராஃப்ட் காகிதத்துக்கு 18 சதவீதம். வாங்கும்போது கட்டுகிற வரி விற்கும்போது முழுக்கக் கழியாது, ரீஃபண்ட் கேட்டு வாங்க வேண்டும், அதுவரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். பழைய மாதிரி அறிக்கையில் இதெல்லாம் இருக்காது. நடைமுறை மூலதனம் என்ற வரியில் நீங்கள்தான் கூட்ட வேண்டும்.

3. மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள், திங்கட்கிழமை தவிர

செலவு: பஸ் கட்டணம். நாள்: குறைந்தது மூன்று நடை.

ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது. டிஐசி என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும். பொது மேலாளர், திட்ட மேலாளர், தொழில்நுட்பம் தெரிந்த உதவிப் பொறியாளர்கள் இருப்பார்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள், அதிகாரிகள் அங்கே போய்விடுவார்கள். நான் முதல் இரண்டு தடவையும் திங்கட்கிழமை போய்த் திரும்பி வந்தேன். செவ்வாய் அல்லது புதன், காலை பத்தரைக்குப் போங்கள். பிப்ரவரி, மார்ச்சில் வருட இலக்கை முடிக்கிற நெருக்கடி இருக்கும், உட்கார்ந்து பேச நேரம் கிடைக்காது. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம்.

கையில் என்ன கொண்டு போவது: ஆதார், பான், கல்விச் சான்று, சாதிச் சான்று, பாஸ்போர்ட் அளவுப் படம் நான்கு, மெஷின் கொட்டேஷன் இருந்தால் அது, இடம் வாடகை என்றால் ஒப்பந்த வரைவு. அப்புறம் உங்கள் நோட்டு. "ஏதாவது லோன் கிடைக்குமா" என்று கேட்டு நின்றால் ஒரு நோட்டீஸைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். "மூன்று அடுக்கு அட்டைப்பெட்டி, இவ்வளவு முதலீடு, இந்த ஊரில் ஷெட், இந்தக் கொட்டேஷன் சரியா" என்று கேட்டால் நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். வித்தியாசத்தை நானே பார்த்தேன்.

மூன்றாவது நடையில் ஒரு உதவிப் பொறியாளர் என் கொட்டேஷனை வாங்கி, ஒவ்வொரு மெஷினுக்கும் எதிரே இருந்த எச்பியைப் பென்சிலால் கூட்டினார். கீழே 19 என்று எழுதி வட்டம் போட்டார். "தம்பி, இது 14 கிலோவாட்டைத் தாண்டுது. இந்தப் பெரிய மோட்டாரும் ரெண்டாவது ஸ்டிட்சிங் மெஷினும் இப்போ உங்களுக்கு எதுக்கு? 15 எச்பிக்குள்ள நிறுத்துங்க, 12 கிலோவாட்டுக்குள்ள வந்துடும்" என்றார். குடிசை, குறுந்தொழிலுக்கு மின்வாரியத்தில் 3-ஏ1 என்று குறைந்த கட்டண வகை இருக்கிறது, இணைப்புச் சுமை 12 கிலோவாட் வரை. அதைத் தாண்டினால் கட்டணம் கூடிய வகைக்குப் போய்விடும். மெஷின் விற்கிறவர் இதைச் சொல்லவில்லை. ஐந்து நிமிடப் பேச்சு, மாதாமாதம் எனக்கு மிச்சமாகிறது.

பொறி: வாசலில் நின்று "சார் தெரிந்தவர், முடித்துத் தருகிறேன்" என்று வருகிறவர்கள். விண்ணப்பம் எல்லாம் ஆன்லைன், அதற்குக் கட்டணமே கிடையாது. யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

4. தொழில்நுட்பமும் தரமும் தெரிந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள்

செலவு: கேட்பதற்கு ஒன்றும் இல்லை, சோதனைக்குக் கட்டணம் உண்டு. நாள்: சோதனை முடிவுக்கு ஒன்று முதல் மூன்று வாரம்.

முதலில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் இணையதளத்தில் உங்கள் பொருளின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பதிவு செய்து உள்ளே போனால் இந்தியத் தர ஆவணங்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அட்டைப்பெட்டிக்கு ஐஎஸ் 2771, கிராஃப்ட் காகிதத்துக்கு ஐஎஸ் 1397, காகிதச் சோதனை முறைகளுக்கு ஐஎஸ் 1060. இந்த மூன்றையும் படித்த பிறகுதான் வாங்குகிறவர் பேசுகிற ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), பிஎஃப் (வெடிக்காமல் தாங்குகிற வலிமை) என்கிற வார்த்தைகள் எனக்குப் புரிந்தன. அதுவரை தலையை ஆட்டிக்கொண்டு இருந்தேன், அதில் ஒரு ஆர்டர் நஷ்டத்தில் போனது: 20 பிஎஃப் காகிதம் கேட்டவருக்கு 16-ல் விலை சொல்லிவிட்டேன்.

அதே தளத்தில் உங்கள் பொருளுக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இருந்தால் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் விற்கவே முடியாது, அதற்கான சோதனைக் கருவிச் செலவும் திட்டத்தில் சேர வேண்டும்.

பிறகு உங்கள் துறைக்கான ஆராய்ச்சி நிலையம். துணி, நூல் என்றால் கோவை சிட்ரா. பம்ப், மோட்டார் என்றால் கோவை சிடார்க். தோல் என்றால் அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். பிளாஸ்டிக் என்றால் கிண்டி சிப்பெட். உலோகப் பூச்சு, பேட்டரி என்றால் காரைக்குடி சிக்ரி. உணவுப் பொருள் என்றால் தஞ்சாவூர் நிஃப்டெம் அல்லது மைசூர் சிஎஃப்டிஆர்ஐ, கோவை வேளாண் பல்கலைக்கழகம். பெட்டி, பேக்கேஜிங் என்றால் இந்தியப் பேக்கேஜிங் நிறுவனத்தின் சென்னை மையம். இங்கெல்லாம் பெரிய கம்பெனிக்காரர்கள்தான் போவார்கள் என்று நினைத்து நாம் கேட்டுக்கூட பார்ப்பதில்லை. மின்னஞ்சலில் பொருள், அளவு, என்ன சோதனை வேண்டும் என்று மூன்று வரி எழுதுங்கள், கட்டண விவரம் அனுப்புவார்கள். எனக்கு நான்காவது நாள் பதில் வந்தது. ஒரு வாரம் வரவில்லை என்றால் போன் செய்யுங்கள்.

5. மானியத் திட்டம்: உத்யம் பதிவுக்கு முன்பே இதை முடிவு செய்யுங்கள்

நாள்: விண்ணப்பம் முதல் கடன் கைக்கு வரும்வரை மூன்று முதல் எட்டு மாதம். வங்கிதான் காலத்தை முடிவு செய்யும்.

உத்யம் என்பது குறு, சிறு, நடுத்தரத் தொழில் என்று மத்திய அரசிடம் செய்துகொள்கிற பதிவு, அது அடுத்த பகுதியில் வரும். இங்கேதான் வரிசை முக்கியம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம், எல்லோரும் பிஎம்இஜிபி என்பார்கள், புதிய யூனிட்டுக்கு மட்டும்தான். ஏற்கெனவே நடக்கிற யூனிட்டுக்கு முதல் கடன் கிடையாது. "முதலில் சின்னதாக ஆரம்பித்து பில் போடுவோம், பிறகு மானியம் வாங்கலாம்" என்று ஆரம்பித்தவர்கள் தகுதி இழந்ததை இரண்டு பேரிடம் நேரில் கேட்டிருக்கிறேன். மெஷினையும் கடன் அனுமதிக்கு முன்னால் வாங்கிவிடாதீர்கள்.

பிஎம்இஜிபியில் உற்பத்திக்குத் திட்ட மதிப்பு 50 லட்சம் வரை, சேவைக்கு 20 லட்சம் வரை, இது 2022-ல் உயர்த்திய வரம்பு. பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15 சதவீதம், கிராமத்தில் 25 சதவீதம் மானியம். பெண்கள், பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் ராணுவத்தினர் முதலியோருக்கு 25, 35. சொந்தப் பணம் 10 சதவீதம் அல்லது 5 சதவீதம். உற்பத்தியில் 10 லட்சத்துக்கு மேல் போனால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். நிலத்தின் விலையைத் திட்டத்தில் சேர்க்க முடியாது. கிராமம் என்றால் மானியம் கூடுகிறது, எனவே ஷெட் எந்த எல்லைக்குள் வருகிறது என்று முதலிலேயே பாருங்கள். நான் பார்த்த இரண்டு ஷெட்டுக்கும் நடுவே ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, ஒன்று மாநகராட்சி, ஒன்று ஊராட்சி.

மாநிலத் திட்டங்களில், வேலையில்லாத இளைஞர்களுக்கான யுஒய்இஜிபி திட்டத்தில் 15 லட்சம் வரையிலான திட்டத்துக்கு 25 சதவீதம், அதிகபட்சம் 3.75 லட்சம். புதிய தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டத்தில் 5 கோடி வரை, 25 சதவீதம், அதிகபட்சம் 75 லட்சம், வட்டியிலும் 3 சதவீதம் சலுகை. பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு, அந்தத் தகுதி இருப்பவர்கள் மற்றதைப் பார்க்கும் முன் இதைக் கேளுங்கள். ஒரே யூனிட்டுக்கு இரண்டு திட்டத்தில் முதலீட்டு மானியம் வாங்க முடியாது. வயது, கல்வித் தகுதிகள் அவ்வப்போது மாறுவதால் டிஐசியில் அன்றைய அரசாணையைப் பார்த்துவிடுங்கள்.

மானியம் என்றால் பணம் கைக்கு வரும் என்று நினைக்காதீர்கள். பிஎம்இஜிபியில் அது உங்கள் பெயரில் வங்கியில் மூன்று வருடம் வைப்பாக இருக்கும், யூனிட் ஒழுங்காக நடந்தால் கடனில் கழிப்பார்கள். இந்த மூன்று வருடத்தில் மூடினால் போயிற்று.

வங்கி கேட்கிற திட்ட அறிக்கைக்கு வெளியே 5,000 முதல் 15,000 வரை கேட்கிறார்கள். நான் 7,500 கொடுத்தேன். தேவையில்லாத செலவு என்று சொல்ல மாட்டேன், ஆனால் எண்களை நீங்கள் கொடுங்கள். ஆடிட்டர் எழுதியதை அப்படியே கொண்டு போனதால், மேனேஜர் "ஒரு டன் காகிதத்தில் எத்தனை பெட்டி வரும்" என்று கேட்டபோது நான் முழித்தேன். அந்தக் கோப்பு இரண்டு மாதம் அசையவில்லை. விற்பனை, கழிவு, தவணை இந்த மூன்றையாவது காகிதம் பார்க்காமல் சொல்லத் தெரிய வேண்டும்.

6. உத்யம் பதிவு

செலவு: ஒன்றும் இல்லை. நேரம்: அரை மணி. ஆவணம்: ஆதார், பான், ஜிஎஸ்டி தேவைப்படுகிறவர்களுக்கு ஜிஎஸ்டி எண், வங்கிக் கணக்கு விவரம். எதையும் ஸ்கேன் செய்து ஏற்றத் தேவையில்லை.

கூகுளில் தேடினால் முதலில் வருவது விளம்பரங்கள். அரசு முத்திரை மாதிரியே படம் போட்டு 1,500, 2,500 என்று வாங்கிக்கொள்வார்கள். தளத்தின் முகவரி "ஜிஓவி டாட் இன்" என்று முடிகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மூடிவிடுங்கள். ஆதாரில் இருக்கிற மொபைல் எண் கையில் இருக்க வேண்டும், ஓடிபி அதற்குத்தான் வரும். ஆதார், பான் இரண்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும், தலைப்பெழுத்தில் வித்தியாசம் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். எனக்கு நின்றது, பான் திருத்தி வர பதினெட்டு நாள்.

தொழில் குறியீட்டை அவசரத்தில் தேர்வு செய்யாதீர்கள். பெட்டி, அட்டைக்கு 1702 என்ற பிரிவுக்குள் போக வேண்டும். உற்பத்தி என்பதற்குப் பதில் வணிகம் என்று போட்டுவிட்டால், பணம் வராதபோது கிடைக்க வேண்டிய சட்டப் பாதுகாப்பு கிடைக்காது. 2025 ஏப்ரல் 1 முதல் மெஷின் முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை குறுந்தொழில். 25 கோடி, 100 கோடி வரை சிறுதொழில். நம்மில் பெரும்பாலோர் குறுந்தொழில்தான். இந்தச் சான்று இருந்தால் வணிகச் சின்னப் பதிவுக்கு ஒரு வகைக்கு 9,000-க்குப் பதில் 4,500 ரூபாய்தான், சின்னம் ஏற்கெனவே யாரிடமாவது இருக்கிறதா என்று அறிவுசார் சொத்து அலுவலகத் தளத்தில் இலவசமாகத் தேடலாம்.

7. அனுமதிகள்

இதில் ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் மாறும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பட்டியலில் உங்கள் தொழில் எந்த நிறத்தில் வருகிறது என்று பாருங்கள். வெள்ளை என்றால் இசைவு தேவையில்லை. பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்றால் பொதுவாக நிறுவ ஒன்று, இயக்க ஒன்று என இரண்டு இசைவு. உள்ளாட்சி உரிமம், மின் இணைப்பு, கட்டட வரைபடம் எல்லாவற்றுக்கும் தமிழ்நாடு அரசின் ஒற்றைச் சாளரத் தளத்தில் விண்ணப்பிக்கலாம். அங்கே தொழிலைத் தேர்வு செய்தால் எந்தெந்த அனுமதி வேண்டும் என்று பட்டியலே வரும். அந்தப் பட்டியலை அச்சுப் போட்டு டிஐசியில் ஒருமுறை காட்டிச் சரிபாருங்கள்.

பொறி: வாடகை ஷெட்டின் மின் இணைப்பு யார் பெயரில், எந்த வகையில் இருக்கிறது என்று பார்க்காமல் ஒப்பந்தம் போடுவது. எங்கள் ஷெட்டில் பழைய பாக்கி 23,000 இருந்தது. உரிமையாளர் கட்டி முடிக்கும்வரை நாற்பது நாள் சும்மா வாடகை கொடுத்தேன்.

8. சந்தையைக் கையால் தொட்டுப் பாருங்கள்

இதற்கு மட்டும் இணையதளம் போதாது. நான் கடைசியில் செய்த, முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை இது: கரூரில் ஏற்றுமதி கோடவுன்கள் நான்கில் கிழிந்த பழைய பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்தேன். ஓரத்தை பிளேடால் வெட்டி எத்தனை அடுக்கு என்று எண்ணினேன், ஒரு சாண் சதுரம் வெட்டி நகைக்கடைத் தராசில் எடை போட்டேன், தைக்கிற கம்பிப் பின்னை எத்தனை அங்குலத்துக்கு ஒன்று அடித்திருக்கிறார்கள் என்று அளந்தேன். பதினொரு பெட்டியில் ஏழு பெட்டி ஐந்து அடுக்கு. நானோ மூன்று அடுக்குக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். மெஷின் வரிசையே மாறியது. உங்கள் பொருளுக்கும் இப்படி ஒரு வழி இருக்கும், வாங்குகிறவரின் குப்பைத் தொட்டிப் பக்கம் போய்ப் பாருங்கள்.

அரசு வாங்குவதைப் பார்க்க ஜெம் தளமும் தமிழ்நாடு டெண்டர் தளமும் இருக்கின்றன. பழைய டெண்டர்களில் என்ன அளவு கேட்டார்கள் என்று பார்ப்பதே நல்ல சந்தைத் தகவல். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வருடக் கொள்முதலில் 25 சதவீதம் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று விதி, அதில் பெண்களுக்கு 3, பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 4 சதவீதம். ஆனால் பணம் வர நாளாகும், முதல் வருடம் இதை நம்பி இறங்காதீர்கள்.

ஏற்றுமதி என்றால் போகிற நாட்டின் விதியைத் தேடுங்கள். பாக்குமட்டைத் தட்டு எவ்வளவு நல்ல தொழிலாக இருந்தது! 2025 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அந்தத் தட்டுகள் உணவுக்கு அனுமதிக்கப்பட்டவை அல்ல என்று அறிவித்தது. அந்தச் சந்தையை மட்டும் நம்பி இருந்தவர்களுக்கு அது பெரிய அடி. இப்போது அந்த மெஷின் வாங்க யோசிக்கிறவர் இதைத் தெரிந்துகொண்டுதான் முடிவு செய்ய வேண்டும்.

டான்ஸ்டியா, கொடிசியா மாதிரி சங்கங்களிலும் உங்கள் ஊர்த் தொழில் சங்கத்திலும் சேருங்கள். யார் பணம் ஒழுங்காகத் தருவார், யார் இழுப்பார் என்கிற தகவல் எந்தத் தளத்திலும் கிடைக்காது, சங்கக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போதுதான் கிடைக்கும்.

9. பணம் வராவிட்டால்

இதை எல்லோரும் பிரச்சினை வந்த பிறகு படிக்கிறார்கள். முன்பே படித்து வையுங்கள். குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியவர் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், எப்படியும் 45 நாளைத் தாண்டாமல், பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. மத்திய எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் தளத்தில் விண்ணப்பித்தால், இந்தப் பாக்கி வழக்குகளை விசாரிக்கிற வசதியாக்க மன்றத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் இந்த மன்றங்கள் இருக்கின்றன. 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் அதிகம் ஆகும், பொறுமை வேண்டும்.

ஆவணங்கள்: ஆர்டர் கடிதம், பில், சரக்கு ஒப்படைத்த கையெழுத்து, இ-வே பில், நீங்கள் பணம் கேட்ட மின்னஞ்சல்கள், உத்யம் சான்று. உத்யம் பதிவு சரக்கு கொடுக்கும் முன் தேதியில் இருக்கட்டும், பின் தேதி என்றால் வழக்கில் சிக்கல் செய்வார்கள். வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டரை மின்னஞ்சலில் ஒரு வரி எழுதி உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு வாடிக்கையாளர் எனக்கு 1,86,000 ரூபாய் ஏழு மாதம் வைத்திருந்தார். சரக்கு இறக்கியதற்குக் கையெழுத்து இல்லை, டிரைவரின் போட்டோ மட்டும்தான் இருந்தது. வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பற்றி அவருடைய ஆடிட்டரிடம் பேசினேன், காலத்தில் தராத தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது என்ற விதி. மார்ச் 28 அன்று பணம் வந்தது, வட்டி கேட்காமல் விட்டுவிட்டேன்.

10. பதிலே வராவிட்டால்

விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று யாரும் சொல்லவில்லையா, முதலில் மத்திய அமைச்சகத்தின் சாம்பியன்ஸ் தளத்தில் புகார் போடுங்கள், இலவசம். அதற்கும் அசையவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத்தாளில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, சேர்ந்ததற்கு ஒப்புகை வருகிற மாதிரி விரைவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். "ஏன் தாமதம்" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் தரத் தேவையில்லை என்று தட்டிவிடலாம். "இந்த எண்ணுள்ள என் விண்ணப்பம் எந்தெந்தத் தேதியில் எந்தெந்த அலுவலரிடம் இருந்தது, கோப்புக் குறிப்பின் நகல் தரவும்" என்று கேளுங்கள். எனக்குத் தபால் போய்ச் சேர்ந்த ஒன்பதாம் நாள், பதில் வரும் முன்பே, விண்ணப்பம் வங்கிக்குப் போய்விட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. தபால் செலவையும் சேர்த்து நூறு ரூபாய்கூட ஆகவில்லை.